கை பொறுக்குற சூடு

இலையை மடியில விரிச்சுக்கிடுங்க தம்பி. வெக்கப்படாதிய. ரயில்ல எதிர்த்த சீட்டுல ஒரு ஆளை வெறும் வாயோட உக்கார வச்சிட்டு நான் மட்டும் திங்கது எனக்குப் பழக்கமில்ல. இருங்க, நானே பிசைஞ்சு தாரேன். ஸ்பூனா? ஸ்பூன்ல அள்ளித் தின்னா அது சொதியா? கையை உள்ள விட்டு, சோத்துப் பருக்கை உடையாம, இப்படி... இப்படி... பாத்துக்கிடுங்க. இந்தப் பக்குவம் எல்லார் கைக்கும் வராது. இந்தாங்க. ஓரத்துல இஞ்சிப் பச்சடி வச்சிருக்கேன், தொட்டுக்கிடுங்க.

எப்படி இருக்கு? சொல்ல வேண்டாம். முகமே சொல்லுது.

என் பேரு கோமதிநாயகம். திருநெல்வேலிப் பக்கம் வந்து தவசுப்பிள்ளை கோமதிநாயகம்னு கேட்டுப் பாருங்க. நீங்க திருச்சிக்காரரு, தவசுப்பிள்ளைன்னா யாருன்னு முழிக்கிய. கல்யாண வீட்டுக்குச் சமைக்க வாரவனை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாவ. முப்பது வருசமா இதுதான் என் சோலி. கல்யாணத்தன்னைக்குச் சாப்பாட்டை எவன் வேணும்னாலும் ஆக்கிரலாம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுத சொதி விருந்து இருக்கே, அதுக்குத்தான் ஆளு வேணும். தேங்காப்பால் குழம்புதான், ஆனா லேசுப்பட்ட காரியம் இல்ல. மூணாம் பால்ல காய் வேகணும். ரெண்டாம் பாலை ஊத்திக் கொதிக்க விடணும். அடுப்பை விட்டு இறக்கிரணும். அப்புறம் காத்திருக்கணும். அங்கதான் எல்லாப் பயலும் தோத்துப் போறான். கொதிக்கக் கொதிக்க, முதல்ல பிழிஞ்ச தலைப்பாலை ஊத்துனா திரிஞ்சு போகும். நல்லா ஆறிட்டுன்னா ருசி சேராது. கை பொறுக்குற சூடு வரணும். அண்டாவுக்குள்ள இந்த விரலை விடுவேன். பொறுக்குதா? ஊத்து தலைப்பாலை. அதுக்கப்புறம் பந்தி முடியுத வரைக்கும் அதே சூட்டுல, மூடி போட்டு, துணி சுத்தி வச்சிருப்பேன். இதோ இந்த ஹாட்பாக்ஸ்ல காலையிலேர்ந்து அப்படித்தான் இருக்கு. தொட்டுப் பாருங்க.

தலைப்பாலையும் நான்தான் பிழிவேன். மிக்சியில அடிச்சு வடிகட்டுத கதையெல்லாம் எங்கிட்ட கிடையாது. கைமணம்னு ஒண்ணு இருக்குல்லா? அதுக்குத்தான் சனம் என்னைய கூப்பிடுது. அதனாலதான் நான் சோப்பைத் தொட மாட்டேன் தம்பி. சோப்புக் கையோட தேங்கா பிழிஞ்சா பால்ல மல்லிப்பூ வாசம் ஏறிரும். சமைக்கப் போற அன்னைக்கு விடியமுன்ன ஒரு முழுக்கு, நெத்தியில திருநீறு, இடுப்புல துவைச்ச வேட்டி. கவுச்சியை வாழ்க்கையில தொட்டதில்ல. இடையில கொல்லைக்குப் போயிட்டு வந்தா செம்புத் தண்ணியில ரெண்டு கையையும் நல்லா அலசிக்கிடுவேன். அப்பேர்ப்பட்ட சுத்தம்.

அப்பேர்ப்பட்ட என்னையப் பாத்து ஒரு டாக்டரம்மா சொல்லுது, நான் கிருமியைச் சுமந்துக்கிட்டுத் திரியுதேனாம். எப்படி இருக்கு கதை!

கேளுங்க. நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. போன தை மாசம் எங்க ஊர்ப் பாத்திரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். மறுநாள் சொதி விருந்து. மாப்பிள்ளை மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. கிண்ணத்துல வாங்கிக் குடிச்சாரு தம்பி, நான் கண்ணால பாத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு அவருக்குக் காய்ச்சல். ரெண்டு வாரம் கழிச்சு! புதுப்பொண்ணுக்கும் காய்ச்சல், மாப்பிள்ளையோட தாய்மாமனுக்கும் காய்ச்சல். கல்யாணம்னா அலைச்சல், அலைச்சல்னா காய்ச்சல். நான் சமைச்ச கல்யாணத்துல எல்லாம் நாலு பேருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். இத்தனை வருசமா யாராச்சும் கேள்வி கேட்டிருக்காவளா? இல்ல. முனிசிபாலிட்டித் தண்ணியைத் திட்டுவாவ, ஐஸ்காரனைத் திட்டுவாவ. அதுதான முறை?

இந்த மாப்பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காவ. அங்க புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருந்துச்சு. பெனிட்டான்னு பேரு. வைத்தியம் பாக்குத டாக்டர் இல்ல. கிருமி டாக்டர். நோயாளி முகத்தையே பாக்காது, அவன் ரத்தத்தையும் மத்ததையும் குப்பியில வாங்கி அதுல என்ன முளைக்குதுன்னு பாக்கும். அது ஒரு படிப்பாம். மாப்பிள்ளை ரத்தத்தைப் புட்டியில ஊத்தி வளத்துப் பாத்துட்டு டைபாய்டுன்னு சொல்லிட்டு. சொன்னதோட விட்டுதா? போன வருசம் டைபாய்டு வந்து படுத்தவன் எல்லாரையும் தேடிப் பிடிச்சு என்ன சாப்பிட்டிய, எங்க சாப்பிட்டியன்னு கேட்டிருக்கு. ஒருத்தன் கடையநல்லூர், ஒருத்தி அம்பாசமுத்திரம், ஒருத்தன் சங்கரன்கோயில். ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்ல. ஆனா எல்லாரும் என் சொதியைச் சாப்பிட்டவங்க.

இதைக் கேட்டா என்ன தோணணும்? இவ்வளவு தூரத்துக்கு ஒரு மனுசன் பேரெடுத்திருக்கானேன்னுதான தோணணும்?

ஒரு நாள் அந்தம்மாவே ஆட்டோ பிடிச்சு எங்க வீட்டுக்கு வந்துட்டு. நானும் படிச்சவங்க வந்திருக்காவளேன்னு நாற்காலி போட்டு, என் கையால காப்பி கலந்து கொடுத்தேன். டம்ளரைத் தொடவே இல்ல. "இப்பதான் குடிச்சேன் ஐயா"ன்னு நைசா ஓரமா வச்சிட்டு. எனக்கு அப்பவே பிடிக்காமப் போச்சு. கேள்வி மேல கேள்வி. "ஐயா, உங்களுக்கு எப்பவாச்சும் டைபாய்டு வந்திருக்கா?" வந்துச்சு, இளவட்டமா இருக்கும்போது. ஒரு மாசம் கிடந்து எந்திச்சேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு தலைவலி கிடையாதுன்னேன். "அதான் ஐயா பயமா இருக்கு"ங்குது. ஒருத்தன் ஆரோக்கியமா இருக்கேன்னு சொன்னா ஒரு டாக்டர் பயப்படுறதை நீங்க எங்கயாச்சும் கேட்டிருக்கியளா?

அப்புறம் கொஞ்சம் இழுத்து இழுத்து, வெளிக்குப் போறதுல கொஞ்சம் சின்ன டப்பாவுல வேணும்னு கேட்டுது. நீங்க சாப்பிடும்போது இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனா நடந்ததைச் சொல்லணும்லா. நான் தாராளமா எடுத்துக்கிடுங்கன்னேன். மடியில கனமில்லாதவன் எதுக்குப் பயப்படணும்? மூணு தடவை கொடுத்தேன். முத தடவை ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவையும் இல்ல. மூணாவதுல கிருமி இருக்குன்னுட்டு. மூணுல ரெண்டு பாஸ் தம்பி! உலகத்துல எந்தப் பரீட்சையிலயும் அது போதும். அந்தம்மாவுக்குப் போதாதாம். கிருமி தினமும் வெளிய வராதாம், நினைச்சா வருமாம், நினைச்சா உள்ளேயே இருந்துக்கிடுமாம். சௌகரியமா ஒரு பதில் வச்சிருக்கு பாத்தியளா.

நான் நம்பலன்னதும், வாங்க ஐயா காட்டுதேன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அது அந்தம்மாவோட அடுக்களை. ஆமா தம்பி, அடுக்களைதான். அடுப்பு இருக்கு, பெரிய குக்கர் இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு. சின்னச் சின்ன மூடி போட்ட தட்டுல சிவப்பா அல்வா மாதிரி ஊத்தி வச்சிருக்கு. என்னது இதுன்னேன். கடல்பாசிங்குது. கடல்பாசியா! நாங்க அதுல பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சி இனிப்புப் பண்ணுவோம். அந்தம்மா அதுல மாட்டுக்கறிச் சாறு, உப்பு, என்னெல்லாமோ போட்டுக் காய்ச்சுது. "நீங்களும் நானும் ஒரே சாமானைத்தான் காய்ச்சுறோம் ஐயா. நீங்க மனுசருக்குப் போடுறீங்க, நான் கிருமிக்குப் போடுறேன்"னு சிரிச்சுச்சு. நான் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டேன். அந்தத் தட்டுல ஒண்ணைத் தூக்கி வெளிச்சத்துல காட்டுச்சு. கடுகு தாளிச்சுக் கொட்டுன மாதிரி கறுப்புக் கறுப்பாப் புள்ளி. "இது உங்ககிட்டேர்ந்து எடுத்தது ஐயா." பக்கத்துல இன்னொரு தட்டு, அதே கடுகு. "இது அந்த மாப்பிள்ளை ரத்தத்துல இருந்தது." ரெண்டுலயும் மருந்து தோய்ச்ச காகித வில்லை எல்லாம் வச்சுப் பாத்திருக்கு, எந்த மருந்துக்குச் சாகுது, எதுக்குச் சாகலன்னு. ரெண்டும் ஒண்ணு போலவே நடந்துக்கிட்டாம். கடுகுன்னா எல்லாக் கடுகும் ஒண்ணு போலத்தான இருக்கும்? இதுல என்ன அதிசயம்?

ஒண்ணே ஒண்ணுலதான் அந்தம்மாவை நான் மெச்சினேன். ஒரு இரும்புப் பெட்டியைத் தொறந்து, இதுக்குள்ளதான் கிருமியை வளக்கேன், கையை விட்டுப் பாருங்கன்னுது. விட்டேன். தம்பி, சத்தியமாச் சொல்லுதேன். சரியாக் கை பொறுக்குற சூடு! என் சொதிச் சூடு! இம்மி பிசகல. நான் சொன்னேன், அம்மா, இந்தச் சூட்டைப் பிடிக்க நான் பத்து வருசம் அடிபட்டேன், நீங்க எப்படிம்மா பிடிச்சியன்னு. அந்தம்மா பெட்டியைச் சாத்திட்டு, "கிருமிக்கும் அந்தச் சூடுதான் ஐயா பிடிக்கும். அதோட தேங்காப்பாலும் இருந்தா விருந்துதான்"னுச்சு. பாத்தியளா, கிருமிக்குக்கூட என் பக்குவம்தான் வேண்டியிருக்கு.

என்ன தம்பி, நிறுத்திட்டிய? காரமா? சொதியில காரமே கிடையாதே. மெதுவாச் சாப்பிடுங்க, அவசரமில்ல. இப்பதான் திண்டுக்கல் வருது.

வயித்தை ஸ்கேன் பண்ணிப் பாத்தாவ. பித்தப்பையில கல் இருக்குதாம். அந்தக் கல்லுல கிருமி இத்தனை வருசமாக் குடித்தனம் நடத்துதாம். என்னைய ஒண்ணும் செய்யாதாம், என் கை வழியா அடுத்தவன் வயித்துக்குப் போயி அங்க வேலையைக் காட்டுமாம். நான் கேட்டேன், ஏம்மா, முப்பது வருசமா என் வயித்துல என் சோத்தைத் தின்னுட்டுக் கிடக்குத கிருமி, என்னைய விட்டுட்டு முன்னப் பின்ன தெரியாத மாப்பிள்ளையையா போய்க் கடிக்கும்? அந்தம்மா அப்படியே நெத்தியில கையை வச்சிக்கிட்டுது. இன்னொண்ணும் கேட்டேன். சாப்பாடு கெட்டிருந்தா அன்னைக்கு ராத்திரியே வயித்தால போயிருக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு வார காய்ச்சலுக்கு நானா ஜவாப்புதாரி? ரெண்டு வாரத்துல அவன் எங்கெங்க என்னென்னத்தைத் தின்னானோ! "அந்தக் கிருமி வளர அவ்வளவு நாள் ஆகும் ஐயா. அதனாலதான் இத்தனை வருசமா யாரும் உங்களைத் தேடி வரல"ன்னுச்சு.

அந்த மாப்பிள்ளைக்குக் குடல்ல ஓட்டை விழுந்து ஆபரேசன் பண்ணுனாவ. பிழைச்சிக்கிட்டாரு. பாவம், நல்ல பையன். என் வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் ஓட்டை விழுந்துச்சு. அவ பிழைக்கல. பொண்ணுக்கு அப்ப ஒன்பது வயசு. அவளுக்கும் காய்ச்சல். நான் ஒருத்தன்தான் வீட்டுல திடமா இருந்தது. நல்லவேளை, நானாவது திடமா இருந்தேன். கடைசி வரைக்கும் ரெண்டு பேருக்கும் என் கையாலதான் கஞ்சி கரைச்சுக் கொடுத்தேன்.

சரி, அதை விடுங்க.

அந்தம்மா ஒரு மாசத்துக்கு மாத்திரை கொடுத்துச்சு. ஒரு நாள்கூட விடாமச் சாப்பிடணும், பாதியில நிறுத்துனா கிருமி அந்த மருந்துக்குப் பழகிரும், அப்புறம் யாருக்கும் கேக்காதுன்னு. அப்பவும் சரியாகலன்னா பித்தப்பையை எடுத்துரலாமாம். என்னமோ தேங்கா மூடியை எடுத்துப் போடுத மாதிரி சொல்லுது. நாலு நாள் சாப்பிட்டேன் தம்பி. காய்ச்சல் இல்ல, வலி இல்ல. நோயே இல்லாதவன் எதுக்கு மருந்து திங்கணும்? மருந்தை வீணாக்குறதும் எனக்குப் பிடிக்காது. தெருவுல யாருக்குக் காய்ச்சல், சளின்னாலும் ரெண்டு ரெண்டாக் கொடுத்தேன். எல்லாருக்கும் சுகமாயிட்டு. உங்களுக்குத் தலை வலிக்குதா? நெத்தியைத் தேய்க்கியளே. பையில இன்னும் கொஞ்சம் கிடக்கு, தாரேன், ஒண்ணு போட்டுக்கிடுங்க. வேண்டாமா? உங்க இஷ்டம்.

மாத்திரை முடிஞ்சதும் மறுபடி சோதனை. சோதனையில ஒண்ணும் இல்லைன்னு வரணும், அது வரைக்கும் அண்டாவைத் தொடக் கூடாதுன்னு கண்டிசன். மேற்பார்வை பாருங்க ஐயா, கரண்டியில மட்டும் கிண்டுங்க, கையுறை போட்டுக்கிடுங்க, கையைச் சோப்புப் போட்டு இவ்வளவு நேரம் தேய்ங்கன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லிச்சு. கையுறையை மாட்டிக்கிட்டுத் தேங்கா பிழிஞ்சா அது ரப்பர்ப் பால்லா!

நான் மாத்திரையைத்தான் முடிக்கலியே, வம்பு எதுக்குன்னு ஒரு யோசனை பண்ணுனேன். எங்கூடப் பந்தி பரிமாறுத ஆளு இசக்கி. நாப்பது வயசு, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. நான் ஆக்குனதுல முத வாய் அவன்தான் தின்னு பாப்பான். ஏல இசக்கி, ஒரு உதவி பண்ணுலன்னு டப்பாவைக் கொடுத்தேன். "இதுல எல்லாமா அண்ணாச்சி ஆளு மாத்துவாவ"ன்னு சிரிச்சான். ஆனா கொடுத்துட்டான். அதைக் கொண்டு போய் என்னுதுன்னு கொடுத்தேன்.

ரிசல்ட்டு என்ன வந்துச்சு தெரியுமா? அதே கடுகு! அதே கிருமி!

இப்ப சொல்லுங்க. என்னுதைக் கொடுத்தாலும் கிருமிங்குது, இசக்கியோடதைக் கொடுத்தாலும் அதே கிருமிங்குது. அப்ப அந்தம்மா படிப்பு எப்படிப்பட்ட படிப்புன்னு தெரிஞ்சு போச்சுல்லா? எந்த டப்பாவைக் கொடுத்தாலும் டைபாய்டுன்னுதான் சொல்லும்போல இருக்கு. நான் நேரா அந்தம்மா முகத்துக்கு முன்னாலயே போட்டு உடைச்சிட்டேன். அம்மா, நீங்க பிடிச்சது என் கிருமி இல்ல, இது இசக்கியோடதுன்னேன். வெக்கப்பட்டுத் தலையைக் குனியும்னு பாத்தா, துள்ளி எந்திச்சு, "இசக்கி எங்க இருக்கார்?"னு ஓடுது. அதுக்கு மறுநாளே இசக்கிக்குக் காய்ச்சல் வந்துட்டு பாருங்க. அது வரைக்கும் கல்லு மாதிரி இருந்த ஆளு. டெஸ்ட்டு எடுத்தாத்தான் தம்பி நோயே வருது.

அந்தம்மா அவனை ஆஸ்பத்திரியில போட்டு, எங்க ஆளுவ எல்லாருக்கும் தடுப்பூசி போட வந்துட்டு. நான் வேண்டாம்னேன், முகூர்த்த நாள் கிட்டத்துல கை வீங்கினா யாரு தேங்கா திருவுறது? ஒரு பயலும் என் பேச்சைக் கேக்கல. எல்லாரும் வரிசையில நின்னு ஊசியைப் போட்டுக்கிட்டு, அப்படியே வேற ஆளுகிட்டப் போயிச் சேந்துட்டானுவ. இசக்கியும்தான். அவன் ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட பாக்கப் போனேன். வாசல்லயே வாங்கிக்கிட்டு அனுப்பிட்டான். புதுசா ஒருத்தன் கேட்டரிங் வச்சிருக்கான், தலையில வலை, கையில உறை, மூஞ்சியில துணி. சோறு போடப் போறானா ஆபரேசன் பண்ணப் போறானான்னு தெரியல. அவன்கிட்டத்தான் எல்லாக் கல்யாணமும் போகுது. அவன் சொதியை ஒரு தடவை வாங்கிக் குடிச்சுப் பாத்தேன். வெந்நீர். வெறும் வெந்நீர் தம்பி. கடைசியில தலைப்பாலை ஊத்தித் திரும்பச் சூடு பண்ணுதான். ஆனா அவன் பந்தியில சாப்பிட்டவன் எவனுக்கும் ஒரு காய்ச்சல் கிடையாதுன்னு அந்தம்மா மெச்சிக்கிடுதாம். ருசி இல்லாத சோத்தைக் கிருமி எப்படித் தேடும்?

இந்த ஆவணி பூரா நான் வீட்டுல உக்காந்திருந்தேன். முப்பது வருசத்துல முத ஆவணி. மேளச் சத்தம் கேக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டேன். இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க.

அதெல்லாம் போகட்டும். எனக்கு வலிச்சது அது இல்ல. என் பொண்ணு செண்பகவடிவு. ஒரே பொண்ணு. தாயில்லாப் பிள்ளைன்னு என் கையில ஊட்டி ஊட்டி வளத்தேன். சின்னதுல நான் அண்டா பக்கத்துல நிப்பேன், அவ வந்து வாசல்ல நின்னுக்கிட்டு ஒண்ணும் பேச மாட்டா. வாயை மட்டும் ஆன்னு தொறந்து காட்டுவா. நான் ஒரு வாய் பிசைஞ்சு போடுவேன். ஓடிருவா. மறுபடி வந்து நிப்பா. திருச்சியில கட்டிக் கொடுத்திருக்கேன். மாப்பிள்ளை பாங்கியில இருக்காரு. போன வருசம் மூணு மாசமா இருக்கேன்னு எங்க வீட்டுக்கு வந்தா. பத்து நாள் வச்சிருந்து, அவ கேட்டதெல்லாம் ஆக்கி, ஒவ்வொரு வாயா ஊட்டி விட்டேன். ஊருக்குப் போனா. காய்ச்சல். கரு கலைஞ்சிட்டு.

கண்ணேறு தம்பி. வேற என்ன? அவ்வளவு அழகா இருந்தா.

இந்த டாக்டரம்மா அதையும் விடல. எப்படியோ அவ நம்பரைப் பிடிச்சுப் பேசிட்டு. அதுலேர்ந்து பிள்ளை எங்கிட்டப் பேசுத பேச்சே மாறிப்போச்சு. "அப்பா, மாத்திரை சாப்பிடுறீங்களா? சோதனைக்குப் போனீங்களா?" இதுதான். இப்ப ஏழாம் மாசம். நாளைக்கு வளைகாப்பு. "நீங்க வாங்கப்பா. ஆனா எதையும் கொண்டு வர வேண்டாம், அடுக்களைக்குள்ள போக வேண்டாம், அவுங்க கோவப்படுவாங்க"ன்னு சொல்லி அழுதா. பெத்த அப்பன் பிள்ளை வளைகாப்புக்குப் போயி நாற்காலியில உக்காந்து கேட்டரிங்காரன் போடுத புளியோதரையைத் தின்னுட்டு வரணுமாம். எனக்கு நெஞ்சு வெடிச்சிட்டு தம்பி. ரெண்டு நாள் நான் சாப்பிடல.

அப்புறம் ஒரு சின்னப் பொய் சொன்னேன். நல்ல காரியத்துக்குத்தான. போன வாரம் போன் போட்டு, வடிவு, மாத்திரை எல்லாம் முடிச்சிட்டேம்மா, மூணு சோதனையும் பாத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாவன்னேன். ஓன்னு அழுதா பாருங்க. சந்தோசத்துல. "அப்பா, அப்பன்னா நீங்களே வந்து எனக்கு ஊட்டி விடுங்கப்பா. எனக்குச் சொதி வேணும்ப்பா. எத்தனை நாளாச்சு"ன்னா. மாப்பிள்ளையும் போனை வாங்கி, "மாமா, தப்பா எடுத்துக்கிடாதீங்க, டாக்டர் சொன்னதுனால பயந்துட்டோம்"னாரு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல மாப்பிள்ளைன்னேன். இன்னைக்கு விடியமுன்ன எந்திச்சு, தேங்கா உடைச்சு, முத பால் ரெண்டாம் பால் மூணாம் பால்னு பிழிஞ்சு, அவளுக்குன்னு பண்ணுனதுதான் இது. உங்களுக்குப் போட்டது போக முக்காவாசி இருக்கு. பிள்ளைக்கு அது தாராளம்.

நீங்க ஏன் ஒரு மாதிரி இருக்கிய? வேர்க்குது உங்களுக்கு. ஜன்னல் பக்கம் நகந்து உக்காருங்க. இந்த ஹாட்பாக்ஸைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, சாஞ்சிராம. நான் ஒரு எட்டு உள்ள போயிட்டு வந்துருதேன். காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டு வாரேன்.

அப்பாடா.

குழாய்ல தண்ணி இல்ல தம்பி, காத்துதான் வருது. என்ன ரயில் விடுதானுவளோ. பரவாயில்ல, துண்டுல துடைச்சிக்கிட்டேன். எந்த ஊரு தாண்டுது? மணப்பாறை போயிட்டா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். கொடுங்க ஹாட்பாக்ஸை.

என்ன இது, கனமே இல்ல?

தம்பி... முழுசுமா சாப்பிட்டிய? அவ்வளவையும்? சோறு இல்லாம, சொதியை மட்டும்? அடேயப்பா! ஜன்னல் கம்பியில வெள்ளையா வழிஞ்சிருக்கு, அவசரமாக் குடிச்சதுல சிந்திட்டிய போல. இதுக்கா இவ்வளவு நேரம் வேண்டாம் வேண்டாம்னு மென்னு முழுங்குனிய? கேட்டிருந்தா நானே ஊத்தியிருப்பேனே! ஏன் கண் கலங்குதிய? வெக்கப்படாதிய, நான் கோவப்பட மாட்டேன். பெரிய பெரிய வக்கீல், ஜட்ஜு எல்லாம் அண்டா காலியான பிறகு என்னையத் தேடி வந்து கரண்டியை வழிச்சுக் கேட்டிருக்காவ. இதை நான் அந்தம்மாகிட்டச் சொல்லணும். முன்னப் பின்ன தெரியாத ஆளு, நான் அங்கிட்டுப் போயிட்டு வாரதுக்குள்ள ஒரு சொட்டு மிச்சம் வைக்கலன்னு. ஒரு ரெண்டு வாரம் கழிச்சு நீங்களும் ஒரு போன் போட்டு எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. மறந்துராதிய.

பிள்ளைக்கு இல்லியேன்னு வருத்தமா? அட, விடுங்க தம்பி. அவ வீட்டுல சோறு இருக்கும். போற வழியில ஒரு தேங்கா வாங்குனா ஆச்சு, பிழிய எவ்வளவு நேரம் ஆகும்? இல்லியா, இருக்கவே இருக்கு தயிர். எதைப் பிசைஞ்சாலும் அவளுக்குப் போதும். கைதான முக்கியம். கை எங்கிட்டதான இருக்கு.

வந்துட்டு, திருச்சி வந்துட்டு. அந்தா பாருங்க, அந்தத் தூணு பக்கம், பச்சைச் சேலை. வடிவு! ஏழு மாசத்தை வச்சிக்கிட்டு ஸ்டேசனுக்கே வந்துட்டா பாருங்க, அவ்வளவு அவசரம். என்னையப் பாத்துட்டா. கை ஆட்டாம, பேசாம நிக்கா பாருங்க... வாயைத் தொறந்து காட்டுதா தம்பி! ஆன்னு! சின்னதுல நிப்பான்னு சொன்னேன்ல, அப்படியே நிக்கா!

வந்துட்டேம்மா, வந்துட்டேன்.

என்ன தம்பி, என் கையை ஏன் இப்படிப் பிடிக்கிய? மரியாதை எல்லாம் போதும், எனக்குக் கூச்சமா இருக்கு. ரயில் ரொம்ப நேரம் நிக்காது. வலிக்குது தம்பி, இது என்ன பிடி. விடுங்க. கையை விடுங்க தம்பி, பிள்ளை பசியோட நிக்கா.